தூசியை அளப்பவர் யார்? தொழிற்சுகாதாரம் பற்றி ஓர் அறிமுகம்

தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள், போய் வந்தவர்களுக்குச் சலிக்கும் அறை தெரிந்திருக்கும். காய்ந்து வரும் தூள் அங்கேதான் சல்லடைகளில் ஓடி, பி.ஓ.பி., பெக்கோ, டஸ்ட் என்று ரகம் பிரிகிறது. கொழுந்தின் மேலுள்ள மெல்லிய ரோமங்கள் உதிர்ந்து பழுப்பு நிறப் பஞ்சாக எங்கும் படிந்திருக்கும். ஜன்னல் விளிம்பு, மின்விளக்கு, வேலை செய்பவர்களின் புருவம் என்று எதையும் அது விடாது. அந்த அறையில் பல வருடம் நின்ற ஒருவருக்கு இருமல் வருகிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார், இருமல் மருந்து கிடைக்கிறது. இரண்டு நாள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் சுகம். மூன்றாம் நாள் மறுபடியும் அதே அறை, அதே தூசி.

மருந்து கொடுத்தவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியைப் பார்ப்பது அவருடைய வேலை. ஆனால் அந்த அறையைப் பார்ப்பது யார்? காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது, அதில் நுரையீரல்வரை போவது எவ்வளவு, எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது, எப்படி நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வது யார்? அதற்கென்று ஒரு துறை உண்டு. அதுதான் தொழிற்சுகாதாரம். அதே கேள்விகளை வேலைத்தளத்துக்கு வெளியே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கும், தண்ணீர் எடுக்கும் பீலிக்கும், மலசலகூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுபோனால் அது சுற்றாடல் சுகாதாரம். இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஒன்றைப் படித்தவர் மற்றதிலும் வேலை பார்க்கலாம்.

இலங்கை மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுக்கும் பிள்ளையிடம், என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர் என்பார்கள், அது சரிவராவிட்டால் டீச்சர் என்பார்கள். இந்த மூன்றாவது பாதையைப் பற்றி வீட்டிலும் பாடசாலையிலும் பேசுவது மிகக் குறைவு. இந்தத் துறைக்கு வேண்டிய பாடப் புத்தகமே நம் தோட்டங்களில் திறந்து கிடக்கிறது என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

விபத்து வேறு, நோய் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சேஃப்டி ஒஃபிசர்' என்ற பெயர் நமக்குப் பழக்கம். ரோலரில் கை மாட்டாமல் இருக்கிறதா, பெல்ட்டுக்கு மூடி போட்டிருக்கிறதா, தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் அவர். விபத்து நடந்தால் அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தொழிற்சுகாதாரம் பார்ப்பவரின் கவலை மெதுவாக வரும் கேடு. இன்றைக்கு மூச்சில் போன தூசி இன்றைக்கு ஒன்றும் செய்யாது. இன்றைக்குக் கேட்ட இரைச்சல் இன்றைக்குக் காதை அடைக்காது. பத்து வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், பேரப்பிள்ளை பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்காது. அப்போது நாம் சொல்வது, 'வயசாச்சு, என்ன செய்ய'.

அந்த 'என்ன செய்ய' என்ற இடத்தில்தான் இந்தத் துறை தொடங்குகிறது. இத்தாலியின் மொடேனா நகரில் இருந்த பேர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற மருத்துவர், 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் கேட்கச் சொன்னவர் அவர். அமெரிக்காவில் அலிஸ் ஹமில்டன் என்ற பெண் மருத்துவர் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் நேரில் போய், தொழிலாளரின் வீடுகளுக்கும் போய், யாருக்கு எந்த வேலையால் நோய் வந்தது என்று தேடினார். 1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் நியமித்த முதல் பெண் ஆசிரியர் அவர்தான். நம் நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார். ஆக, சலிக்கும் அறையில் நிற்பவரின் இருமல் யாரும் அறியாத மர்மம் கிடையாது.

ஸ்டோருக்குள் ஒரு சுற்று

இந்தத் துறையின் வேலைமுறை நான்கு படிகளில் நடக்கும். எங்கே கேடு இருக்கலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது, நேரில் போய் இனங்காண்பது, அளப்பது, கட்டுப்படுத்துவது. ஒரு தேயிலை ஸ்டோரை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும்.

மேல்தட்டில் கொழுந்து வாட்டும் தொட்டிகள். அங்கே பெரிய விசிறிகளின் இரைச்சல். கீழே வந்தால் ரோலர்கள். இரைச்சலோடு, ஈரத் தரையில் வழுக்கும் ஆபத்தும் உண்டு. அடுத்தது காயவைக்கும் அடுப்பு. 100 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் காற்று உள்ளே போகிறது, கொழுந்தின் ஈரம் சுமார் 3 வீதத்துக்கு இறங்கி வெளியே வருகிறது. விறகு போடுபவருக்கு வெக்கை. புகைபோக்கி சரியில்லாவிட்டால் காபன் மொனொக்சைட்டும் சேரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்றுதான் வந்து நிற்கும். கடைசியில் சலிக்கும் அறையும் பெட்டியில் அடைக்கும் இடமும். தூசி அங்கேதான் ராஜா.

சுற்றிப் பார்க்கும்போது கண்ணைவிடக் காதுக்கு அதிக வேலை உண்டு. அதாவது வேலை செய்பவர்களிடம் கேட்பது. 'இருமல் இருக்கா அக்கா?' என்று கேட்டால், 'அதெல்லாம் ஒன்னுமில்ல தம்பி' என்றுதான் பதில் வரும். வேலை போய்விடுமோ, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம். கேள்வியை மாற்றிப் போட வேண்டும். 'தீபாவளி லீவுல நாலு நாள் வீட்டுல இருந்தீங்களே, அப்ப நெஞ்சு எப்படி இருந்துச்சு?' 'அப்ப நல்லா இருந்துச்சு தம்பி, திரும்ப வந்து ரெண்டு நாள்ல புடிச்சிக்கிச்சு.' இந்தப் பதில் பொன் மாதிரி. லீவில் குறைந்து வேலையில் கூடும் இருமல் என்றால் சந்தேகம் வேலைத்தளத்தின்மேல் விழ வேண்டும். வேலையால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க மருத்துவர்களும் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான்.

சந்தேகம் வந்தபின் அளக்க வேண்டும். தூசியை எப்படி அளப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிர் அதில் இருக்கிறது.

உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பம்ப். அதைத் தொழிலாளியின் இடுப்புப் பட்டியில் மாட்டுவார்கள். அதிலிருந்து ஒரு குழாய் முதுகுப் பக்கமாக ஏறி, சட்டைக் கழுத்தில் மாட்டிய ஒரு வட்டமான பெட்டியில் முடியும். பெட்டிக்குள் வடிதாள். மூக்கிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் அது இருக்க வேண்டும். சுவரில் மாட்டினால் சுவர் சுவாசிக்கும் காற்றுத்தான் தெரியும், நமக்கு வேண்டியது அந்த அக்கா சுவாசிக்கும் காற்று. பம்ப் நிமிடத்துக்கு 2 லீற்றர் காற்றை இழுக்கிறது என்று வைப்போம். 8 மணித்தியாலம் ஓடினால் 960 லீற்றர், அதாவது 0.96 கன மீற்றர். காலையில் வடிதாளின் நிறை 20.00 மில்லிகிராம், மாலையில் 23.84 மில்லிகிராம். கூடியது 3.84. அதை 0.96ஆல் பிரித்தால், ஒரு கன மீற்றர் காற்றில் 4 மில்லிகிராம் தூசி. கணக்கு ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையும் போடக்கூடியது.

சிரமம் கணக்கில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. வடிதாள் ஈரத்தை உறிஞ்சும். தலவாக்கலையில் மழைக்காலத்தில் நிறுத்தால் தூசியோடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்ததாகிவிடும். அதனால் முன்னும் பின்னும் ஒரே ஈரப்பதமுள்ள அறையில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். கூடவே, திறக்காத ஒரு வடிதாளையும் அதே பெட்டியில் கொண்டுபோய்க் கொண்டுவருவார்கள். அதன் நிறை மாறியிருந்தால், வந்த மாற்றம் தூசியால் அல்ல என்று தெரிந்துவிடும். பம்ப் காலையிலும் மாலையிலும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இத்தனையும் செய்யாமல் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

சரி, 4 மில்லிகிராம் கூடுதலா குறைவா? அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, தூசித் துகளின் பருமன். மனித முடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 4 மைக்ரோமீற்றர் அளவில் உள்ளதும் அதைவிடச் சிறியதும் நுரையீரலின் அடிவரை போகும். சாதாரண வெளிச்சத்தில் அவை கண்ணுக்கே தெரியாது. புருவத்தில் படிந்த பஞ்சைப் பார்த்துப் பயப்படுகிறோம், காணாததுதான் ஆழமாகப் போகிறது. இரண்டாவது, வரம்பு. தனியாக வரம்பு குறிக்கப்படாத தூசிகளுக்கு, மூச்சோடு உள்ளே போகும் மொத்தத் தூசி கன மீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குள்ளும், நுரையீரல் ஆழம்வரை போகும் நுண்தூசி 3 மில்லிகிராமுக்குள்ளும் இருக்கட்டும் என்று ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்க அமைப்பு ஆலோசனை சொல்கிறது. ஆனால் தேயிலைத் தூசி ஒவ்வாமை தரக்கூடியது. ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், வரம்புக்கு மிகக் கீழே உள்ள அளவுகூட அவருக்கு அதிகம்தான். எண் சரியாக இருக்கிறது என்று சொல்லி அந்த அக்காவை அங்கேயே நிறுத்தி வைப்பது தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை ஆகாது.

இரைச்சலுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு, ஆனால் அது நம் மனக்கணக்கை ஏமாற்றும். 8 மணித்தியால வேலைக்கு 85 டெசிபல் என்பதை எல்லையாக வைத்தால், 88 டெசிபலில் 4 மணித்தியாலம்தான் நிற்கலாம். 91இல் 2 மணித்தியாலம். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது. 'மூணு நம்பர்தானே கூடியிருக்கு' என்று சொல்ல முடியாது. ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே அளவி வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். போன செவிப்புலன் திரும்பாது. அதற்கு மருந்தும் இல்லை.

முகமூடி கடைசியில்தான்

அளந்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது? எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது முகமூடி. இந்தத் துறையில் முகமூடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அந்தக் கேட்டையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார். முடியாவிட்டால் குறைந்த கேடுள்ள ஒன்றுக்கு மாற்று. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தை மூடு, தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சு. அதற்குப் பிறகுதான் ஆட்களை முறை மாற்றி நிறுத்துவது, வேலை நேரத்தைக் குறைப்பது. இவை எல்லாம் போதாமல் மிஞ்சியதற்கு முகமூடி.

ஏன் இப்படி? முகமூடி வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணித்தியாலமும், ஒவ்வொருவரும் அதைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும். கன்னத்தோடு ஒட்டாத முகமூடியில் காற்று ஓரத்தால்தான் போகும், ஏனென்றால் அதுதான் சுலபமான வழி. வாயைச் சுற்றிக் கட்டிய துணி பஞ்சைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. அடுப்பருகே வெக்கையில் எட்டு மணித்தியாலம் யார்தான் போட்டிருப்பார்கள்? சல்லடைக்கு மூடி போட்டு உறிஞ்சும் குழாய் வைத்தால், யாருடைய நினைவாற்றலையும் நம்ப வேண்டியதில்லை.

உறிஞ்சும் குழாய் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாய் வைத்திருக்கிறோம் என்று காட்டுவார்கள், ஆனால் அது தூசி வரும் இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி இருக்கும். உறிஞ்சும் விசை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். குழாயின் வாயில் உள்ள காற்றின் வேகம், அந்தக் குழாயின் விட்டம் அளவு தூரம் தள்ளிப் போனாலே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். எரியும் ஊதுபத்தி ஒன்றைத் தூசி கிளம்பும் இடத்தில் பிடித்துப் பாருங்கள் (நெருப்புக்கு ஆபத்தில்லாத நேரத்தில், இயந்திரம் தூளில்லாமல் ஓடும்போது). புகை குழாய்க்குள் போனால் நல்லது, சும்மா மேலே சுழன்று கொண்டிருந்தால் அந்தக் குழாயால் பயனில்லை. இன்னொன்று, விளக்குமாறு. மாலையில் தரையைப் பெருக்கும்போது, நாள் முழுக்கப் படிந்த தூசி ஒரே நேரத்தில் எழும்பும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பெருக்குபவர் சுவாசிப்பது மற்றவர்களுக்கு நாள் முழுக்கக் கிடைத்ததைவிட மோசமாக இருக்கலாம். விளக்குமாற்றுக்குப் பதில் நல்ல வடிகட்டியுள்ள வெக்கியூம் வாங்கிக் கொடுப்பது பெரிய முதலீடு ஒன்றும் இல்லை.

மலையில்

ஸ்டோரைவிட, கொழுந்தெடுக்கும் மலையில் ஆட்கள் அதிகம். அங்கே சுவர் இல்லை, கேடுகளுக்கு வேலியும் இல்லை.

மருந்தடிப்பவரை எடுத்துக்கொள்வோம். பலரும் நினைப்பது, நஞ்சு மூக்கு வழியாகத்தான் போகும் என்று. பீடைகொல்லி தெளிக்கும் வேலையில் பெரும்பகுதி தோல் வழியாகவே உடம்புக்குள் போகிறது. முதுகில் ஒழுகும் டாங்கி, நனைந்த சட்டை, கலக்கும்போது கையில் சிந்தும் அடர்ந்த மருந்து, வெறுங்கால். எனவே மூக்கில் துணி கட்டிக்கொண்டு கையுறை இல்லாமல் மருந்து கலப்பவர் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தவர். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துப் பீலியில் துவைத்தால், நஞ்சு வீட்டுக்கும் வந்துவிடும். ஓர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு, இரத்தத்தில் கோலினெஸ்ரரேஸ் என்ற நொதியத்தைச் சோதித்து, நஞ்சு சேருகிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இது பழைய, நன்றாகத் தெரிந்த முறை.

கேட்டையே இல்லாமல் செய்வது என்று முதலில் சொன்னேனே, அதற்கு இலங்கையிலேயே உதாரணம் இருக்கிறது. பரக்குவாட் என்ற களைகொல்லியின் நஞ்சை முறிக்க மருந்து கிடையாது, ஒரு வாய் போனாலே உயிருக்கு ஆபத்து. 2008இல் தொடங்கிப் படிப்படியாக அதை இங்கே தடை செய்தார்கள். கிளைபொசேற் என்ற இன்னொரு களைகொல்லி 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஒரு கேட்டை எடுக்கும்போது இன்னொன்று வருமா என்பதையும் பார்க்க வேண்டும். களை மண்டிய மலையில் அட்டையும் பாம்பும் குளவிக்கூடும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புல்லைக் கையால் பிடுங்குவது யார், எத்தனை மணித்தியாலம் குனிந்து நிற்பார் என்று கணக்கெடுக்காமல் ஒரு தடையை நல்லது, கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

குளவி கொட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். 'குளவி கொட்டிப் பத்துப் பேர் வைத்தியசாலையில்' என்ற செய்தி நமக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போவதுதான் ஆபத்து. இது தடுக்கக்கூடிய தொழில் ஆபத்து. கொழுந்தெடுக்கப் போகும் முன் அந்த மலையில் கூடு இருக்கிறதா என்று பார்த்து வர ஒருவர், இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகி வேலை கொடுப்பது, கூட்டை அகற்ற இருட்டிய பின் பயிற்சியுள்ளவரை அனுப்புவது. கொட்டியபின் ஒவ்வாமை அதிர்ச்சி வந்தவருக்குத் தொடைத் தசையில் உடனே போட வேண்டிய ஊசி அட்ரினலின். மலையிலிருந்து டிஸ்பென்சரிக்கு எத்தனை நிமிடம், அங்கே அந்த ஊசி இருக்கிறதா, போடத் தெரிந்தவர் இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறாரா. இந்த மூன்று கேள்விக்கும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

கொழுந்துக் கூடையின் பாரம் தலையிலும் கழுத்திலும் இறங்குவது, செங்குத்தான மலையில் மழையில் வழுக்குவது, ஒதுங்க மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவது, இவையெல்லாம் கூட இந்தத் துறையின் கணக்கில்தான் வரும். கடைசியில் சொன்னதை ஆண் அதிகாரியிடம் யாரும் சொல்லமாட்டார்கள். நம் பெண் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அது ஒன்றே போதும்.

லயத்துக்கு வந்தால்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் பொறுப்பு சுற்றாடல் சுகாதாரத்தின் கைக்குப் போகிறது. பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊற்றுக்கு மேலே தேயிலை மலை இருந்தால் மருந்தும் உரமும் இறங்கலாம். மேலே இன்னொரு லயம் இருந்தால் அதன் மலக்குழி. மலையில் தண்ணீர் தெளிவாகவும் சில்லென்றும் இருப்பதால் சுத்தமென்று நம்பிவிடுகிறோம். 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை பக்ரீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் குடிநீருக்கான விதி, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2007இல் கம்பளைப் பகுதியில் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற மஞ்சட்காமாலை பரவியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நோய் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. தொட்டிக்குக் குளோரின் போட்டால் அரை மணித்தியாலமாவது விட வேண்டும், குழாயின் கடைசி வீட்டிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியருகே சோதித்துவிட்டுப் போவது போதாது.

பிறகு, விறகடுப்பு. புகை போக வழியில்லாத காம்பராவில் அம்மாவும் மடியில் குழந்தையும். பகலெல்லாம் ஸ்டோரில் தூசி, மாலையில் வீட்டில் புகை. நுரையீரல் இரண்டையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கும். புகைபோக்கி வைத்த அடுப்பு, அதன் மேல்வாய் கூரையைத் தாண்டி நிற்பது, இவ்வளவுதான் தீர்வின் பெரும்பகுதி. கூரையில் அஸ்பெஸ்டோஸ் தகடு இருந்தால், அதை வாளால் அறுப்பதும் துளையிடுவதும் உடைத்து முற்றத்தில் போடுவதும்தான் நாரைக் காற்றில் விடும். எப்படியும் கையாள வேண்டி வந்தால் நனைத்துவிட்டு, முழுசாக இறக்க வேண்டும்.

எங்கே வேலை, என்ன படிப்பு

சுற்றாடல் சுகாதாரத்தில் நம் நாட்டில் நன்கு தெரிந்த பதவி பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்பவர். உணவுக் கடை, குடிநீர், டெங்கு, தொற்றுநோய், பாடசாலைச் சுகாதாரம், வேலைத்தளங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை. இந்த முறையின் வேர் 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவில் இருக்கிறது. இன்றும் களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இதற்குப் பயிற்சி தரும் முக்கியமான இடம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் எடுத்தவர்கள் சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்து வர வேண்டும். தகுதி விபரங்கள் அதில்தான் வரும்.

தொழிற்சாலைப் பக்கத்தில், தொழில் திணைக்களத்தின் கீழ் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள முக்கியமான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரிலேயே தெரிவது போல அது தொழிற்சாலைக்கானது. ஸ்டோருக்குப் பொருந்தும், கொழுந்து மலைக்குப் பொருந்தாது. அதிகம் பேர் வேலை செய்யும் இடம் சட்டத்துக்கு வெளியே நிற்பது நியாயமில்லை, இது மாற வேண்டும். வேலையால் வந்த காயத்துக்கும் சில தொழில்நோய்களுக்கும் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நோய் வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும், அதற்கு யாராவது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில் வழக்கு நிற்காது.

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் உருவானது. பயிற்சி, ஆலோசனை, அளவீடு இவற்றுக்கு அணுக வேண்டிய இடம் அது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் இடமுண்டு. தனியார் பக்கத்தில் பெருந்தோட்டக் கம்பனிகள், ஆடைத் தொழிற்சாலைகள், அளவீடு செய்து கொடுக்கும் ஆய்வுகூடங்கள். நம் தேயிலையை வாங்கும் வெளிநாட்டவர்கள் தரச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியபின், தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான ஐ.எஸ்.ஓ. 45001 போன்ற சர்வதேசத் தர முறைகளைத் தெரிந்தவர்களுக்குத் தோட்டக் கம்பனிகளிலும் தேவை வந்திருக்கிறது.

வளைகுடாவுக்குப் போக எண்ணி 'நெபோஷ்' சான்றிதழ் எடுப்பவர்கள் நம்மிடையே பலர். நல்ல சான்றிதழ்தான், வேலைக்கும் உதவும். ஆனால் அது பாதுகாப்பு அதிகாரிக்கான அடித்தளம், தூசியும் வாயுவும் அளந்து தீர்ப்புச் சொல்லும் தகுதியை அது மட்டும் தராது. அதற்கு இரசாயனவியல், உயிரியல், பௌதிகவியல், பொறியியல், சுற்றாடல் விஞ்ஞானம் இவற்றில் ஒன்றில் பட்டம் இருப்பது நல்லது. உலகளவில் மதிக்கப்படும் 'சி.ஐ.எச்.' என்ற தொழிற்சுகாதார நிபுணர் தகைமைக்குப் பட்டமும் சில வருட அனுபவமும் பரீட்சையும் வேண்டும். இரண்டு கிழமையில் 'எக்ஸ்பர்ட்' ஆக்குகிறோம் என்று விளம்பரம் வந்தால், காசு கட்டும் முன் அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பாடசாலையில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை, இரசாயனவியலைப் பயந்து விட்டுவிடாதீர்கள், புள்ளிவிபரவியலைச் சின்னப் பாடம் என்று ஒதுக்காதீர்கள். அறிக்கை எழுத ஆங்கிலம் வேண்டும். திணைக்களத்தில் பேசச் சிங்களம் வேண்டும். மருந்து டாங்கி சுமப்பவரிடம் 'இதை ஏன் இப்படிச் செய்யச் சொல்கிறேன்' என்று விளக்க மலையகத் தமிழ் வேண்டும். மூன்றாவது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு அது சுலபத்தில் வராது.

காசு செலவில்லாமல் தொடங்க ஒரு வழியும் உண்டு. ஓ.எச்.டி.ஏ. என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பு, 'டபிள்யூ 201' என்ற ஆரம்பப் பாடநெறியின் கைந்நூலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தூசி, இரைச்சல், வெப்பம், இரசாயனம், கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் அடிப்படை அதில் இருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசியுங்கள். வாசித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டு உங்கள் தோட்டத்து ஸ்டோரை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் கத்திப் பேசுகிறார்கள், எந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது, பெருக்குவது யார், எதைக் கொண்டு பெருக்குகிறார் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் சேருபவர் முதல் வாரத்தில் செய்யும் வேலையும் அதுதான்.